காலி டப்பாவை நம்பாதே

என் பிள்ளைக்கு,

உனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீ பிறக்கவே இல்லை, அதனால் கோபித்துக்கொள்ளாதே. உனக்கு அப்பாவாகப் போகிறவர் யார் என்றும் எனக்குத் தெரியாது. இந்த நிமிஷம் அவர் எந்த ஊரில் எந்த ட்யூஷனுக்கு மட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாரோ! எனக்குப் பதினேழு வயது. நாளைக்கு நெய்வேலியை விட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறேன். எந்த ஊர், என்ன படிப்பு என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். இப்போதே சொன்னால் நீ பாதியில் மூடி வைத்துவிடுவாய். என் ரத்தம்தானே, தெரியாதா எனக்கு.

பெற்றவர்கள் பிள்ளைக்கு நீளமாகக் கடிதம் எழுதுவது ஊர் வழக்கம்தான். ஆனால் எல்லோரும் வயதான பிறகு எழுதுகிறார்கள். அதற்குள் அவர்கள் செய்ததெல்லாம் மறந்து, பிள்ளை செய்தது மட்டும் ஞாபகம் இருக்கும். அதனால்தான் நான் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன். நாற்பத்தைந்து வயதில் நான் எப்படி ஆவேன் என்பதில் எனக்கே நம்பிக்கை இல்லை. நீ வளர்ந்து ஆளான பிறகு என்றைக்காவது ஒருநாள், செய்யாத ஒன்றுக்காக உன்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்பேன். மகனோ மகளோ, என் பிள்ளை என்றாலே சந்தேகத்துக்குரிய ஆள்தானே. அன்றைக்கு இதைப் பிரித்துப் படி. எதிரில் நிற்கும் அந்த அம்மாவை நம்பாதே. இதை எழுதுகிற இந்த அம்மாவை நம்பு. இந்தக் கடிதத்தில் ‘அப்பா’ என்று வந்தால் அது என் அப்பா. சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் பர்மனென்ட். ஷிப்ட் முடிந்து வந்தால் குளிப்பதற்கு முன்பே காரைப் போய்ப் பார்க்கிற மனிதர்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பெட்ரோல் கார். எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் ஷீட் போட்ட ஷெட்டில் நிற்கும். அதற்கு அப்பாவும், மந்தாரக்குப்பத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் சலீம் மாமாவும் சேர்ந்து ஒரு சூப்பர்சார்ஜர் மாட்டினார்கள். சென்னையில் உடைத்துப்போட்ட ஒரு வெளிநாட்டு வண்டியிலிருந்து எடுத்தது. எஞ்சின் தானாக இழுக்கிற காற்று போதாது என்று பம்ப் வைத்து ஊதித் திணிக்கிற யந்திரம் அது. மிதித்தால் ‘ஙீ’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் அப்பா அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளையும் செலவழித்தார் என்பது என் சந்தேகம். அம்மாவுக்கு வேறு சந்தேகம். “டவுன்ஷிப் பூரா ஸ்பீட் பிரேக்கர். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவுல ஓட்டறதுக்கா இவ்ளோ பெரிய ஊதுகுழல்? நீங்க எங்கயோ ரேஸுக்குப் போறீங்க, என்கிட்ட மறைக்கறீங்க” என்பாள்.

கொஞ்சம் எஞ்சின் சொல்கிறேன், கொட்டாவி விடாதே. எஞ்சினுக்குள் பெட்ரோல் வெடிக்கும்போது கொஞ்சம் புகை பிஸ்டன் ஓரமாக நழுவி, கீழே ஆயில் இருக்கிற சேம்பருக்குள் இறங்கிவிடும். புது எஞ்சினிலும் இறங்கும், அதைத் தடுக்க முடியாது. அது வெளியே போக வழி விட வேண்டும், அவ்வளவுதான். சாதாரண வண்டியில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் இடத்துக்கே ஒரு குழாய் போகும். தன் புகையைத் தானே இழுத்து எரித்துவிடும். ஆனால் சூப்பர்சார்ஜர் மாட்டிவிட்டால், மிதிக்கும்போது அந்த உறிஞ்சும் இடமே ஊதும் இடமாகிவிடும். ஊதின காற்று குழாய் வழியாகத் திரும்பிச் சேம்பருக்குள் போகாமலிருக்க அதில் ஒரு ஒன்வே வால்வு வேண்டும். அப்பா வைத்திருந்தார். மிதித்தால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். அந்த நேரத்தில் புகை போவதற்கென்று இரண்டாவது குழாய் ஒன்று, எஞ்சினின் தலையிலிருந்து கிளம்பி, வழியில் ஒரு டப்பாவுக்குள் நுழைந்து, சூப்பர்சார்ஜர் காற்று இழுக்கிற வாய்க்குப் போகும். புகையோடு வருகிற ஆயில் துளிகளை அந்த டப்பா பிடித்து வைத்துக்கொள்ளும். கேட்ச் கேன் என்பார்கள். கடையில் வாங்காமல் அப்பா தன் பழைய டிபன் தூக்கிலேயே செய்தார். உள்ளே வடிகட்டுவதற்கு அம்மாவின் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். ஒரு வாரம் அம்மா வேலைக்காரக்காவைச் சந்தேகப்பட்டாள். அப்பா மூச்சு விடவில்லை.

இனி என் யோக்கியதை. உன்னிடம் மறைத்துப் பிரயோஜனமில்லை, சலீம் மாமா உயிரோடு இருந்தால் உனக்குச் சொல்லாமல் விடமாட்டார். அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கில் ரப்பர் பல்லி வைத்தது நான்தான். கன்வேயர் ஓரம் உட்கார்ந்து திறந்திருக்கிறார்கள், நாலு பேர் நாலு திசையில் ஓடினார்களாம். ஒரு தடவை, கார் கண்ணாடியில் படிந்திருந்த பழுப்புத் தூசியில் ‘விற்பனைக்கு, உள்ளே வந்து விசாரிக்கவும்’ என்று விரலால் எழுதிவிட்டேன். இந்த ஊரில் தூசிக்கா பஞ்சம். ரெண்டு பேர் உண்மையிலேயே வந்து விசாரித்தார்கள். ஒருவர் அட்வான்ஸ் கொடுக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். எனவே வீட்டில் எது காணாமல் போனாலும், எது கவிழ்ந்தாலும், முதல் கேள்வி “எங்க அந்த வாலு?” என்பதுதான். இரண்டாவது கேள்வி கிடையாது.

சூப்பர்சார்ஜர் மாட்டிய பிறகு முதல்முறை அப்பா டவுன்ஷிப் வாசலில் இருக்கும் ஆர்ச் கேட் தாண்டி வடலூர் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்தபோது பானட் ஓரமெல்லாம் புகை. திறந்தால் உள்ளே ஆயில் தெறித்திருக்கிறது. ஆயில் அளவு பார்க்கிற கம்பி, டிப்ஸ்டிக், தன் குழாயை விட்டு ஒரு சாண் மேலே எழும்பி நிற்கிறது. அப்பா எஞ்சினை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

“எதுக்குப் புடுங்கின?”

“நான் புடுங்கலப்பா.”

“கம்பிக்குக் காலா இருக்கு, தானா ஏறி வர?”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். “இங்க எல்லாத்துக்கும் பிரஷர் ஜாஸ்திப்பா, அதான் எகிறிடுச்சு” என்றேன். அவ்வளவுதான், குற்றம் நிரூபணம். வண்டியில் புகை, வீட்டில் புகைச்சல்.

அடுத்த ஞாயிறும் அதே கதை. அன்றைக்கு சலீம் மாமாவும் கூடப் போயிருந்தார். ஷெட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள், ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ரோட்டில் போய் மிதித்துவிட்டு வந்தால் கம்பி வெளியே. மாமா ஆயில் கசியாமலிருக்க வைக்கிற பேக்கிங்கைத் தட்டிப் பார்த்தார், சீலைத் தடவிப் பார்த்தார், பிறகு அப்பா தோளில் கை போட்டார். “வூட்டுக்குள்ளயே திருடனை வெச்சிகினு ஊரெல்லாம் தேடிகினு கீறியே! பாப்பா கையை மொதல்ல கட்டிப் போடு” என்றார். அப்பா ஷெட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்ளாத குறை. பூட்டுப் போட்ட பிறகும் கம்பி வெளியே வந்தது. “நான் ட்யூஷன்ல இருந்தேன், மிஸ்ஸைக் கேளுங்க” என்றேன். “கிளம்பறதுக்கு முன்னாடியே தளர்த்தி வெச்சிருப்ப” என்றார். “சாவி உங்ககிட்டதானே இருந்தது?” என்றேன். “டூப்ளிகேட் போட்டிருப்ப” என்றார். உண்மையைச் சொன்னால் அந்த யோசனை எனக்கு வந்ததுதான். அது அவருக்கும் தெரியும் என்பதுதான் என் கஷ்டம்.

இதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. அன்றைக்குச் சாப்பிடும்போதுதான் அப்பா தட்டைப் பார்த்தபடியே அதைச் சொன்னார். கவுன்சலிங்கில் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் எடுக்கப் போகிறேன் என்று பத்தாவதிலிருந்து நான் சொல்லி வந்தேன். அவரும் சரி சரி என்றே வந்தார். “எஞ்சினைத் தொடறவங்களுக்கு நம்பிக்கை முக்கியம். ஒரு நட்டை விளையாட்டுக்குத் தளர்த்தினா நாலு உயிர் போகும். உன்னை நம்பி எவன் வண்டியைத் தருவான்? கடலூர்ல பி.காம் சேர்ந்துக்கோ. கணக்குல எவ்ளோ வேணா விளையாடு” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அம்மா ரசத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு ஒரு ஜோக் கூட வரவில்லை. வாழ்க்கையில் அது முதல் தடவை.

அதன் பிறகு நானும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். அப்பா என்னை ஒருத்தியைத்தான் சந்தேகப்பட்டார், நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். சலீம் மாமா பேக்கிங் விற்பதற்காகப் பிடுங்குகிறாரா? அம்மா காரை விற்க வைப்பதற்காகப் பிடுங்குகிறாளா? ‘விற்பனைக்கு’ என்று படித்துவிட்டு வந்த அந்த அட்வான்ஸ்காரர் இன்னும் நோட்டம் விடுகிறாரா? கண்டுபிடிக்க எனக்குக் கேமரா தேவைப்படவில்லை. இந்த ஊரில் துணி உலர்த்தினால்கூட மைன்ஸ் வந்து உட்காரும். மூடின ஷெட்டுக்குள் நிற்கும் பானட் மேல் அந்தத் தூசி பவுடர் அடித்த மாதிரி படிந்திருக்கும். அப்பா கிளம்புவதற்கு முன் கதவு இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு விரல் ரேகை கிடையாது, பானட் விளிம்பில் ஒரு கோடு கிடையாது. யாரும் திறக்கவே இல்லை. அப்பா போய்விட்டு வந்தார், கம்பி வெளியே. ஆக, வெளியிலிருந்து யாரும் பிடுங்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ தள்ளுகிறார்கள்.

உள்ளே இருப்பது புகை ஒன்றுதான். அதற்குத்தான் ரெண்டு வழி இருக்கிறதே என்று யோசித்தபோது அப்பா அடிக்கடி பெருமையடிக்கும் ஒரு வசனம் ஞாபகம் வந்தது. கேட்ச் கேனைத் திறந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார். “பாருங்க, ஒரு சொட்டு ஆயில் இல்ல. எஞ்சின் அவ்ளோ சுத்தம்!” எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெய்வேலியில் சுத்தமாக இருக்கிற பொருளைப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும். பழைய எஞ்சின், மேலே சூப்பர்சார்ஜர், ஆனால் டப்பாவில் ஒரு ஈரப் பிசுக்குக்கூட இல்லை. எஞ்சின் நல்ல பிள்ளை என்பதால் டப்பா காய்ந்து கிடக்கவில்லை. அங்கே எதுவும் வந்து சேரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா மாதத்தில் ஒரு ஞாயிறு தலைக்கு டை அடிப்பார். டை பாக்கெட்டில் மெல்லிசாக ரெண்டு பிளாஸ்டிக் கிளவுஸ் வரும். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். அதனால் அன்றைக்கு அவருடைய இடது கை விரல்கள் மட்டும் கறுப்பு. அந்தக் கையோடு ஷெட்டைத் திறந்தார். சலீம் மாமா வந்திருந்தார், அம்மா காபியோடு நின்றாள். “ஒரே ஒரு தடவை எஞ்சின் பக்கம் வர விடுங்க. நான் புடுங்கலேன்னு காட்டறேன். காட்ட முடியலேன்னா பி.காம்” என்றேன். அப்பா என் ரெண்டு கையையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் கிளவுஸை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். கிளவுஸ் ‘சுருக்’கென்று உள்ளே போய் ஒளிந்துகொண்டது. அப்பா சிரித்தார். “பாத்தியா? உறிஞ்சுது. எல்லாம் ஒழுங்கா இருக்கு.”

“இப்ப முதல் குழாய் திறந்திருக்குப்பா. ரோட்ல மிதிக்கும்போது ஒன்வே வால்வு சாத்திக்கும் இல்ல? அதை நான் இங்கயே சாத்தறேன்” என்று முதல் குழாயைக் கட்டிங் பிளேயரால் நசுக்கிப் பிடித்தேன். “இப்ப லேசா ரேஸ் குடுங்க.”

மறைந்திருந்த கிளவுஸ் மெல்ல வெளியே வந்தது. கட்டை விரல் நிமிர்ந்தது. பிறகு சுட்டு விரல். பிறகு ஐந்தும் விறைத்து, வகுப்பில் ‘பிரசன்ட் மிஸ்’ சொல்கிற பிள்ளை மாதிரி எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்து நின்றது.

“அல்லா” என்றார் சலீம் மாமா. “அது ஒத்துகிச்சுப்பா.”

அப்பா சிரிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டாவது குழாயின் கிளிப்பைக் கழற்றினார். எஞ்சின் தலையோடு சேரும் அந்த வாய்க்குள் விரலை விட்டார். கறுப்பு விரலில் ஏதோ தட்டுப்பட்டது. முதலில் என்னைத்தான் பார்த்தார், பழக்க தோஷம். பிறகு குறடு போட்டு இழுத்தார். ஆயிலில் ஊறிய பனியன் வேஸ்ட் துணி, இறுக்கமாக முறுக்கி மூன்றாக மடித்த ஒரு அடைப்பு. அதோடு சேர்ந்து ஒரு சிவப்புத் துணி வாலும் வந்தது.

அந்த வாலை விளக்க வேண்டும். சுரங்கத்து வொர்க்‌ஷாப்பில் எந்தக் குழாயைக் கழற்றினாலும் முதல் வேலை அதன் வாயைத் துணியால் அடைப்பதுதான், தூசி உள்ளே போய்விடக் கூடாதே. அடைத்ததை மறக்காமலிருக்க அந்தத் துணியில் ஒரு சிவப்பு வால் கட்டி வெளியே தொங்கவிட வேண்டும். வால் தொங்காமல் அடைத்தால் அப்பா தன்னிடம் வேலை பார்க்கும் பையன்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்று ஊரே சொல்லும். அந்த வாலுக்காக அவர் எப்போதும் பாக்கெட்டில் சிவப்புத் துண்டு வைத்திருப்பார், அம்மாவின் பழைய ஜாக்கெட்டிலிருந்து கிழித்தது. சூப்பர்சார்ஜர் மாட்டிய நாளில், கை தானாகச் செய்த வேலை அது. பழக்கம் அடைத்தது, அவசரம் வாலையும் சேர்த்து உள்ளே தள்ளியது. அதன் மேல் குழாயைச் செருகிக் கிளிப்பும் போட்டாயிற்று.

“யார் வெச்ச துணி அது?” என்றாள் அம்மா.

“எவனோ…” என்று ஆரம்பித்தார் அப்பா.

“எவனோ உன் வூட்டம்மா ஜாக்கெட்டைக் கிழிச்சிகினு வந்து வெச்சிட்டுப் போயிருக்கான்” என்றார் சலீம் மாமா.

அம்மா காபி டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றால் நீ நம்ப மாட்டாய், ஆனால் நிஜமாகவே சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தத் துணியைச் சுருட்டிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டை என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. குழாயை மறுபடி மாட்டி, முதல் குழாயை அவரே நசுக்கிப் பிடித்து, என்னை ரேஸ் கொடுக்கச் சொன்னார். கிளவுஸ் கொஞ்சம் படபடத்துவிட்டுத் தலை குனிந்தது. ஆயில் மூடியைப் போட்டார். சாவியை எடுத்தார். “ஏறு” என்றார்.

வடலூர் ரோட்டில் மிதித்தார். ‘ஙீ’ என்ற அந்தச் சத்தம் நீளமாக வந்தது. நான் ஸ்பீடோமீட்டரைப் பார்க்கவில்லை, பானட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு முந்திரித் தோப்பு ஓரம் நிறுத்தி, இறங்கித் திறந்தார். டிப்ஸ்டிக் செருகி வைத்த இடத்திலேயே இருந்தது. அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார், இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“பல்லி?”

“நான்தான்.”

“விற்பனைக்கு?”

“அதுவும் நான்தான்.”

கறுத்த விரல்களை விரித்துக் காட்டினார். “இது?”

“நான்தான்.”

“கம்பி?”

“நான் இல்ல.”

“தெரியுது” என்றார்.

மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் வழங்குவதில்லை. அன்றைக்குக் கிடைத்தது அந்தத் ‘தெரியுது’ மட்டும்தான். போதுமா என்று கேட்டால், அன்றைக்குப் போதும் போலிருந்தது, இரவு படுக்கும்போது போதாது போலிருந்தது. நீயும் அந்த மாதிரி ஒருநாள் என்னிடம் நிற்பாய். எனக்கும் அந்த ஒரு சொல்லுக்கு மேல் வராமல் போகலாம். வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தை எடுத்து என் முன்னால் நீட்டு.

ஒரு விஷயம் மட்டும் பெரியமனுஷி மாதிரி சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். என் பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை, எதையும் மறைக்காது என்று நான் ஊரெல்லாம் டப்பாவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தால், தயவுசெய்து என்னை எச்சரி. எங்கேயோ நான்தான் துணி வைத்து அடைத்திருப்பேன். நானே வைத்ததால்தான் அது என் கண்ணுக்குத் தெரியாது. நீ என்னிடம் கொண்டு வந்து கொட்டுகிற பிசுக்கெல்லாம் எனக்குப் பிடிக்காமல் போகலாம், நான் மூக்கைச் சுளிக்கலாம். அதற்காக உள்ளே வைத்துக்கொள்ளாதே. அடுத்த வாரம் அப்பா தூக்கைத் திறந்தபோது அடியில் காபி நிறத்தில் ஆயிலும் தண்ணீரும் கலந்து ஒரு கரண்டி அளவு இருந்தது. அம்மா எட்டிப் பார்த்து “சீ, இதுக்கா என் கம்பி நாரு!” என்றாள். வேலைக்காரக்கா குற்றமற்றவர் என்று அன்றைக்குத்தான் தீர்ப்பு வந்தது. ஆனால் அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். காலி டப்பாவைக் காட்டிய நாட்களில்கூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு முந்திரித் தோப்பு ஓரத்திலிருந்து திரும்பி வரும் வழியில், ஸ்பீட் பிரேக்கருக்காக வேகத்தைக் குறைத்தபோது அப்பா கேட்டார்: “கோயம்புத்தூர்ல நீ சொல்ற அந்தக் காலேஜ்ல நெஜமாவே ஆட்டோமொபைல் லேப் இருக்கா, இல்ல சும்மா போர்டு மட்டும் மாட்டி வெச்சிருக்கானா? இவனுங்களை நம்ப முடியாது. நேர்ல போய்ப் பார்த்துடணும்.” அவருடைய சந்தேகம் என்னை விட்டு இறங்கிக் காலேஜ் மேல் ஏறிவிட்டது. அதைவிடப் பெரிய ஆசீர்வாதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. போய்ப் பார்த்தார். லேபில் இருந்த ஒவ்வொரு எஞ்சினின் புகை போகிற பிரீதர் குழாயிலும் விரலை விட்டுப் பார்த்தாராம். நாளைக்கு அங்கேதான் கிளம்புகிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு கிளவுஸ் வைத்திருக்கிறேன், சாட்சி சொன்ன அதே கை. ஒன்றுதான் இருக்கும், ஜோடி எங்கே என்று தேடாதே. அது உன் தாத்தாவின் தலைக்குப் போய்விட்டது. தலையெல்லாம் இயற்கையாகவே கறுப்பு என்று அவர் உன்னிடம் சொல்வார்.

நம்பாதே.

உன் அம்மா,
இப்போதைக்குப் பதினேழு வயது